அப்பாவின் காது மெஷினும் பீடோங் மாடிக் கடையும்: நான்கு மாத அனுபவம்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் ஊரில் மாடியில் இருக்கும் இந்தக் காது மெஷின் கடைக்கு நான்கு மாதமாகப் போய்வருகிறோம். முதல் நாள் சந்தோஷத்தில் எழுதியிருந்தால் இரண்டு வரியில் முடித்திருப்பேன், ஆனால் காது மெஷின் விஷயத்தில் முதல் நாளை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்பது இப்போது புரிகிறது, அதனால்தான் இவ்வளவு நாள் பொறுத்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். வீட்டில் காது மங்கிய பெரியவர்கள் இருந்தால், அதிலும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இருந்தால், பொறுமையாகப் படியுங்கள்.

அப்பாவுக்கு 73 வயது. தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவர், சின்ன வயதில் தாத்தா பாட்டியோடு பால்மரக் காட்டுக்குப் போய், ரப்பர் பால் பிடிக்கும் மங்கு கழுவியவர், பிறகு ரப்பரை அழித்துச் செம்பனை (பாமாயில் மரம்) போட்டபோது செம்பனை ஆலையில் சேர்ந்து 27 ஆண்டுகள் அங்கேயே இருந்தார். பழக்குலைகளை ஆவியில் வேகவைக்கும் பெரிய உருளையைத் திறக்கும்போது நீராவி சீறும் சத்தம், கொட்டை உடைக்கும் மெஷின், பாய்லர், எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. காதுக்குப் பஞ்சு வைத்தால் உண்டு, இல்லையென்றால் அதுவும் இல்லை. இந்த நாட்டில் 1989ஆம் ஆண்டின் ஆலை இரைச்சல் விதிகளின்படி எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் (சத்தத்தின் அளவு) வரை அனுமதி இருந்தது, 2019இல் வந்த விதிகள்தான் அதை 85 ஆக்கின. ஐந்துதானே வித்தியாசம் என்று நினைக்காதீர்கள், ஒலியின் ஆற்றலில் அது மூன்று மடங்குக்கும் மேல். அப்பாவின் உழைப்புக் காலம் முழுவதும் அந்தப் பழைய கணக்கில்தான் போனது.

இந்த இரைச்சல் காதை ஒரே மாதிரி கெடுப்பதில்லை. பேச்சின் மெல்லிய மெய்யொலிகள் பல இருக்கும் உயர்ந்த சுருதியில், 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் முதல் அடி விழுகிறது. அதனால் அப்பாவுக்கு லோரி வருவது கேட்கும், பக்கத்து வீட்டு நாய் குரைப்பது கேட்கும், பேத்தி பேசினால் பேசுகிறாள் என்று தெரியும், என்ன பேசுகிறாள் என்று தெரியாது. "அத்தை வந்தாங்க" என்றால் "எந்த அட்டை?" என்பார். வீட்டில் எல்லாரும் குரலை உயர்த்துவோம். உயர்த்தினால், "ஏன் கத்துறீங்க, காது வலிக்குது" என்பார். ஒரே நிமிடத்தில் "என்ன சொன்னே" என்பதும் "கத்தாதே" என்பதும் வரும். இதை நாங்கள் வயதான பிடிவாதம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தோம். அது பிடிவாதம் இல்லை என்று இந்தக் கடையில்தான் தெரிந்துகொண்டோம், அதற்காகவே அவர்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

கடைக்கு வருவதற்கு முன் நடந்ததையும் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் இணையத்தில் 120 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு மெஷின் வாங்கினேன். எங்கே வாங்கினேன் என்பது முக்கியமில்லை, அந்த மாதிரி நூறு கடைகள் இருக்கின்றன. அதில் சின்னச் சக்கரம் ஒன்று, சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும். அப்பா நாள் முழுக்க அந்தச் சக்கரத்திலேயே விரலை வைத்திருந்தார். பேத்தி பேசினால் கூட்டுவார். அம்மா சட்டி மூடியைச் சிங்க்கில் போட்டால் முகத்தைச் சுளித்துக்கொண்டு குறைப்பார். குறைத்த பிறகு அம்மா சொல்வது கேட்காது, மறுபடி கூட்டுவார், கூட்டிய நேரம் பார்த்து வாசலில் மோட்டார் ஒன்று போகும். மூன்று வாரத்தில் அது மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது.

நான் 20 வருடத்துக்கும் மேலாக ரேடியோ, டிவி பழுது பார்த்தவன். அப்பாவின் விரல் அந்தச் சக்கரத்தில் ஓடுவதைப் பார்த்தபோதே எனக்கு இது எங்கேயோ பார்த்த கதை என்று தோன்றியது. 1920களின் ரேடியோவும் இப்படித்தான் இருந்தது. தூரத்து நிலையத்துக்காகச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு முள்ளைத் திருப்பினால், வழியில் உள்ளூர் நிலையம் வந்து ஸ்பீக்கர் கிழிகிற மாதிரி அலறும். 1925இல் ஹரால்ட் வீலர் என்ற 22 வயது அமெரிக்க இளைஞர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார், 1929இல் ஃபில்கோ என்ற ரேடியோ கம்பெனியின் 95ஆம் மாடல் அதோடு கடைக்கு வந்தது. அந்தக் காலத்தில் அதைத் தானியங்கி வால்யூம் என்றார்கள், பிற்பாடு ஏஜிசி (தானியங்கிப் பெருக்கக் கட்டுப்பாடு) என்ற பெயர் நிலைத்தது. வேலை ஒன்றுதான்: மனிதர் விரலால் செய்வதை ஒரு சர்க்கியூட் தானாகச் செய்ய வேண்டும்.

எப்படிச் செய்கிறது என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்தால்தான் இந்தக் கடைக்காரர்கள் செய்ததன் அருமை புரியும். லயத்து வீட்டில் எங்களிடம் ஒரு வால்வு ரேடியோ இருந்தது, முன்பக்கத்தில் பச்சைக் கண்ணோடு. ராத்திரியில் சிற்றலையில் பிபிசி தமிழோசை கேட்பார் அப்பா. (2017இல் அந்த ஒலிபரப்பு நின்றபோது அவருக்கு ஏற்கெனவே காது மங்கிவிட்டிருந்தது.) சிற்றலை வானத்தின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருவது, அங்கே நடக்கும் மாற்றத்துக்கேற்ப ஒரு நொடி பலமாக வரும், அடுத்த நொடி தேய்ந்துவிடும். ரேடியோவுக்குள் வந்த அலையை ஒலியாகப் பிரிக்கும் இடத்தில், மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் ஒரு டயோடு இருக்கும். அலை பலமாக வந்தால் அந்த டயோடில் உருவாகும் டிசி வோல்டேஜ் கூடும், தேய்ந்தால் குறையும். அந்த வோல்டேஜை எடுத்து, முன்னால் இருக்கும் பெருக்கி வால்வுகளின் கிரிட்டுக்கே (பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் கம்பி வலைக்கே) எதிர்மறையாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பலமாக வந்தால் பெருக்குவது தானாகக் குறையும், தேய்ந்தால் தானாகக் கூடும். பச்சைக் கண் அகலமாவதும் சுருங்குவதும் அந்த வோல்டேஜைப் பார்த்துத்தான்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்த வோல்டேஜை அப்படியே திருப்பிக் கொடுக்க முடியாது. நடுவில் ஒரு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் போட்டு மெதுவாக்க வேண்டும். வழக்கமாக 2.2 மெகாஓமும் 0.047 மைக்ரோஃபாரடும், பெருக்கினால் ஏறக்குறைய 0.1 நொடி. இதைவிட ரொம்ப வேகமாக வைத்தால், பாட்டிலே மிருதங்கத்தின் 'தொம்' ஒலியையே அலை பலமாகிவிட்டது என்று நினைத்து அமுக்கிவிடும். ரொம்ப மெதுவாக வைத்தால், பலமான நிலையத்திலிருந்து மெல்லிய நிலையத்துக்குத் திருப்பியதும் ரேடியோ கொஞ்ச நேரம் செவிடாகிக் கிடக்கும். எவ்வளவு பெருக்குவது என்பதைவிட, எவ்வளவு சீக்கிரம் குறைத்து எவ்வளவு சீக்கிரம் பழைய நிலைக்குத் திரும்புவது என்பதுதான் ஏஜிசியின் உயிர். பழுதுக்கு வரும் பழைய செட்டுகளில் அந்தக் காகிதக் கெப்பாசிட்டர் ஒழுகிப்போயிருக்கும், மெல்லிய நிலையமெல்லாம் ஒழுங்காகப் பாடும், பலமான நிலையம் மட்டும் கரகரக்கும். ஒரு வெள்ளிக்கும் குறைவான பொருள்தான்.

சரி, கடைக்கு வருகிறேன்.

பீடோங் பழைய கடைவரிசையில் மாடியில் இருக்கிறது. படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான், முட்டி வலி உள்ளவர்கள் ஏறச் சிரமப்படுவார்கள். கேட்டால் ஒலிச் சோதனைக்குத் தெருச் சத்தம் வராத இடம் வேண்டும், கீழே கிடைக்கவில்லை என்றார்கள், நியாயம்தான். கார் நிறுத்த காலை 10க்கு முன் போய்விடுங்கள், சந்தை நாளில் நினைக்கவே வேண்டாம். முன்கூட்டியே சொல்லிவைக்காமல் போனால் பார்க்க மாட்டார்கள், எங்களுக்கு முதல் தடவை 12 நாள் காத்திருக்க வேண்டியிருந்தது.

பரிசோதனை செய்பவர் ஒரு தமிழ்ப் பெண், என் தங்கச்சி வயது இருக்கும். அப்பாவை "ஐயா" என்றுதான் கூப்பிட்டார், என்னைப் பார்த்துப் பேசாமல் அப்பாவைப் பார்த்தே பேசினார். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். காது கேட்காதவரைக் கூட்டிப் போனால் எல்லாரும் கூட வந்தவரிடம்தான் பேசுவார்கள், அப்பா இந்த ஐந்தாறு வருடமாக அப்படித்தான் பொம்மை மாதிரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவரே பதில் சொன்னார்.

சோதனை முடிந்து வரைபடத்தைக் காட்டினார். 500 ஹெர்ட்ஸில் அப்பாவுக்கு 25 டெசிபலிலேயே கேட்கிறது. 4,000இல் 70 டெசிபல் இருந்தால்தான் கேட்கத் தொடங்குகிறது. ஆனால் 100 டெசிபல் சத்தம் அவருக்கும் நமக்கு இருப்பது போலவே காதை அடைக்கிறது. "ஐயா, நல்ல காதுக்கு வாசல் இவ்ளோ உயரம். உங்க காதுல கீழ்ப்படி மட்டும் மேல ஏறிருச்சு, மேல் நிலைப்படி அங்கேயேதான் இருக்கு. நடுவுல கொஞ்சம் இடம்தான். அதுக்குள்ள எல்லாத்தையும் நுழைக்கணும்" என்று கையாலேயே காட்டினார். "என்ன சொன்னே" என்பதும் "கத்தாதே" என்பதும் ஏன் ஒரே வாயிலிருந்து வருகின்றன என்பது எனக்கு அந்த நிமிடம்தான் விளங்கியது. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கணக்கு இப்படி. 50 டெசிபலில் மெல்லிய பேச்சு வந்தால் மெஷின் 30 கூட்டி 80 ஆகக் கொடுக்கிறது. 80 டெசிபலில் சத்தம் வந்தால் 15 மட்டும் கூட்டி 95 ஆகக் கொடுக்கிறது. அதாவது வெளியே 2 டெசிபல் கூடினால் உள்ளே 1தான் கூடும். என்னுடைய 120 வெள்ளி மெஷின் எதற்கும் அதே 30ஐக் கூட்டும், அப்போது 80 என்பது 110 ஆகும், மூடிச் சத்தத்துக்கு அப்பா துடித்ததில் என்ன ஆச்சரியம். வீலர் ரேடியோவில் வைத்த அதே ஏஜிசிதான் இது, வானத்து அலைக்குப் பதில் அடுப்படிச் சத்தம், அவ்வளவுதான் வித்தியாசம். இன்னொன்றும் உண்டு: ரேடியோவில் ஒரே ஏஜிசிதான், இந்த மெஷினில் ஒலியைப் பல பட்டைகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஏஜிசி. இல்லாவிட்டால் ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருக்கும்போது லோரியின் அடித்தொண்டைச் சத்தம் வந்து, அதற்காகப் பேச்சின் 'ச'வும் 'த'வும் சேர்ந்தே அமுங்கிவிடும்.

காதுக்குப் பின்னால் மாட்டும் வகை வாங்கினோம், இரண்டு காதுக்கும் சேர்த்து 5,200 வெள்ளி. விலை அதிகம்தான், மறைக்கவில்லை. எந்தக் கம்பெனி என்று நான் சொல்லாததற்குக் காரணம், அதே மெஷினை அமைக்கத் தெரியாதவர் கையில் கொடுத்தால் அதுவும் இழுப்பறைக்குத்தான் போகும். மெஷினை மாட்டியதும் காதுக்குள் ஒரு மெல்லிய குழாயை விட்டு, செவிப்பறைக்குப் பக்கத்தில் உண்மையில் எவ்வளவு ஒலி போகிறது என்று அளந்தார். காது ஓட்டை ஒவ்வொருவருக்கும் ஒரு மாதிரி, கம்ப்யூட்டர் போடும் கணக்கை அப்படியே நம்பக் கூடாது என்றார். இதைச் செய்யாமல் மெஷினை மாட்டி அனுப்பும் கடையாக இருந்தால் கேட்டு வாங்குங்கள்.

இதோடு முடிந்திருந்தால் இதுவும் சாதாரணக் கடைதான். ஆனால் அவர் அப்பாவிடம் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, என்ன நேரம், எந்த இடம், என்ன கேட்டது, என்ன கேட்கவில்லை என்று இரண்டு வாரம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். அப்பா ஆறாம் வகுப்பு வரைதான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்தவர், ஆனால் ஆலையில் ஷிஃப்டு கணக்கு எழுதிப் பழகிய கை. ஒருநாள் விடாமல் எழுதினார். "காலை 7. மூடி விழுந்தது. சத்தம் பரவாயில்லை. பிறகு அவள் பேசியது இல்லை." இந்த மாதிரி நாலைந்து இடத்தில்.

அதைப் படித்ததும் அந்தத் தங்கச்சி, "இது திரும்புற நேரம் ஜாஸ்தி" என்றார். சத்தம் வந்ததும் குறைப்பதற்கு இந்த மெஷின் 5 மில்லிநொடிதான் எடுக்கிறது, ஒரு நொடியை 200 துண்டாக்கினால் அதில் ஒன்று. ஆனால் சத்தம் போனதும் பழைய நிலைக்குத் திரும்ப முதலில் ஒரு நொடிக்கு மேல் வைத்திருந்தார். மூடி விழுவது கண்மூடித் திறக்கும் நேரம்தான், அதற்காக அடுத்த ஒரு நொடி முழுக்க மெஷின் அடங்கிக் கிடந்தது, அம்மா சொன்ன "கோப்பி ஆறுது" அந்த நொடிக்குள் போய்விட்டது. என் பழைய வால்வு ரேடியோ முள்ளைத் திருப்பியதும் செவிடாகிக் கிடந்த அதே கதை.

அதைக் குறைத்து 60 மில்லிநொடி ஆக்கினார். அடுத்த இரண்டு வாரம் பேச்சு பிரமாதமாகக் கேட்டது என்று அப்பா எழுதியிருக்கிறார். இதில் தமிழுக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது, அவர் சொன்னபோது எனக்குச் சிலிர்த்தது. "அத்தை" என்று சொல்லிப் பாருங்கள். 'அ' பலமான ஒலி, அதற்குப் பிறகு 'த்'தில் நாக்கு பல்லில் ஒட்டி நிற்கும், அந்த நேரம் முழுக்க அமைதி, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நொடி, சில சமயம் அதற்கும் மேல். பிறகு நாக்கு விடுபடும்போது வரும் சின்ன வெடிப்பும் அது 'த்தை'யா 'ட்டை'யா என்று சொல்ல உதவுகிறது. 'அ'வுக்காகக் குறைந்த பெருக்கம் அந்த அமைதிக்குள் ஏறி வந்துவிட்டால் வெடிப்பு கேட்கும். ஏறி வராவிட்டால் அத்தை அட்டையாகிவிடுவாள். நம் மொழி முழுக்க இரட்டை மெய்கள்தானே, பத்து, பட்டு, கத்தி, கட்டி என்று. சோதனைக்கான சொற்பட்டியலை அவரே இப்படித் தேர்ந்து ஒரு அட்டையில் எழுதி வைத்திருக்கிறார், வாயை மறைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லி அப்பாவைத் திருப்பிச் சொல்லவைத்தார். முதல் நாள் 20இல் 9. இந்த இரண்டு வாரத்துக்குப் பிறகு 16.

ஆனால் நோட்டில் வேறொன்று வந்திருந்தது. "மழை ஏறி இறங்குது. காற்றாடி மூச்சு விடுது." நான் சிரித்துவிட்டேன், ஏனென்றால் இதே புகாரை டேப் ரிக்கார்டர் வைத்திருந்தவர்கள் எத்தனையோ பேர் என்னிடம் கொண்டுவந்திருக்கிறார்கள். கல்யாண வாழ்த்தைப் பதிவு செய்தால், பேசுபவர் மூச்சு வாங்கும் ஒவ்வொரு இடைவெளியிலும் பந்தல் இரைச்சல் பொங்கி மேலே வரும். திரும்பும் நேரம் ரொம்பக் குறைவாக இருந்தால் ஏஜிசி பேச்சின் இடைவெளியைக்கூட அமைதி என்று நினைத்துப் பெருக்கத்தைத் தூக்கிவிடும். எங்கள் வீட்டுப் பின்கட்டு தகரக் கூரை. கெடா மழை தெரியும்தானே. ஒவ்வொரு சொல்லுக்கு நடுவிலும் அந்த மழை அப்பாவின் காதுக்குள் வந்து போயிருக்கிறது.

மூன்றாவது தடவை போனபோது இரண்டையும் சேர்த்து வைத்தார். மெஷினுக்குள் மெதுவான ஏஜிசி ஒன்று, அது இடத்தின் பொதுவான சத்தத்தைப் பார்த்து நிதானமாக ஏறி இறங்கும், மழை பெய்தால் மழைக்கு ஏற்ற மாதிரி அங்கேயே நிற்கும். அதற்கு மேல் வேகமான ஒன்று, மூடி விழுவது போன்ற திடீர் சத்தத்தை மட்டும் சட்டென்று பிடித்து அமுக்கிவிட்டு உடனே விலகிக்கொள்ளும். பிரையன் மூர் என்ற கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1980களிலேயே இந்த இரட்டை முறையைச் சோதித்திருக்கிறார்கள், நான் வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அந்த வாரம் நோட்டில் மழையைப் பற்றி ஒன்றும் இல்லை. மழை பெய்யாமல் இல்லை.

நான்காவது தடவை கோயில் விஷயம். அப்பாவுக்கு மேளம் என்றால் உயிர், தோட்டத்துக் கோயில் திருவிழாவில் நாதஸ்வரக்காரருக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்காருபவர். மெஷினோடு போனபோது தவில் அடிக்கு அடி நாதஸ்வரம் உள்ளே போய் வெளியே வருகிறது என்றார், உச்சத்தில் கரகரக்கிறது என்றார். முதல் குறைக்கு மருந்து இருந்தது: பாட்டுக்கென்று தனியாக ஒரு அமைப்பு, அதில் அமுக்குவதும் குறைவு, திரும்புவதும் மெதுவு, பொத்தானை அழுத்தினால் மாறிக்கொள்ளும். இரண்டாவதற்கு மருந்து இல்லை என்று நேரடியாகச் சொல்லிவிட்டார். நாதஸ்வரத்தைப் பக்கத்திலிருந்து கேட்டால் மைக்கை அடுத்து ஒலியை எண்ணாக மாற்றும் இடமே நிரம்பிவிடுகிறது, அதற்குப் பின்னால் இருக்கும் ஏஜிசி எவ்வளவு குறைத்தாலும் ஏற்கெனவே நசுங்கிய ஒலியை நிமிர்த்த முடியாது. எனக்கு இது உடனே புரிந்தது. இந்த ஊரில் ஜெராய் மலை உச்சியின் ஒலிபரப்புக் கோபுரம் கண்ணுக்கு எதிரேயே இருக்கிறது, மலிவான ரேடியோக்களை இங்கே போட்டால் ஒரு நிலையம் நாலு இடத்தில் பாடும், முன்வாசலிலேயே நெரிசல், உள்ளே ஏஜிசி என்ன செய்யும்? அப்பா இப்போது நாற்காலியை நாலு வரிசை பின்னால் போட்டுக்கொள்கிறார். இன்னும் கொஞ்சம் விலை கூடிய மெஷினில் இந்தக் குறை கம்மி என்றும் சொன்னார், ஆனால் "ஐயாவுக்கு வருஷத்துல பத்து நாள் மேளத்துக்காக இன்னும் மூவாயிரம் வேண்டாம் அண்ணே" என்று அவரே தடுத்தார். விற்கிற கையே இப்படிச் சொல்வதை நான் எங்கும் பார்த்ததில்லை.

குறைகளையும் எழுதிவிடுகிறேன். படியைச் சொல்லிவிட்டேன். மெஷினோடு வரும் கைப்பேசிச் செயலி ஆங்கிலத்திலும் மலாயிலும்தான் இருக்கிறது, அப்பாவால் தனியாகப் பயன்படுத்த முடியவில்லை, கடையில் தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும். பேட்டரி விஷயத்தை முதல் நாளே விளக்கமாகச் சொல்லவில்லை. ஆரஞ்சு நிற ஒட்டு இருக்கும் 13ஆம் எண் பேட்டரி, ஒட்டைப் பிரித்ததும் காற்றுப் பட்டு வேலை செய்யத் தொடங்கும், பிரித்த பிறகு மறுபடி ஒட்டி வைத்து மிச்சம் பிடிக்க முடியாது. அம்மா ஒரு அட்டை முழுவதையும் பிரித்து டப்பாவில் போட்டு வைத்து வீணாக்கினார். ஈரத்துக்கு உலர்த்தும் டப்பா ஒன்றும் சேர்த்து வாங்கிவிடுங்கள், நம் ஊர் வெக்கையில் ராத்திரி அதில் வைக்காவிட்டால் மைக் ஓட்டையில் ஈரம் கட்டிக்கொள்கிறது. இன்னொன்று, இரைச்சலால் வந்த செவிட்டுத்தன்மை சொக்சோவின் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின்) தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கிறது என்று இவர்கள்தான் சொன்னார்கள். ஆலையில் இப்போது வேலையில் இருப்பவர்கள் அதைப் பற்றி உடனே விசாரியுங்கள், ஓய்வு பெற்ற பிறகு யோசிக்க வேண்டாம்.

நான்கு தடவை திருத்தி அமைத்ததற்கும் தனியாகக் காசு வாங்கவில்லை, ஒரு வருடம் வரை அப்படித்தான் என்று ரசீதிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் எந்த ஊரில் எந்தக் கடையில் வாங்கினாலும், எவ்வளவு சத்தமாகக் கேட்கும் என்று கேட்காதீர்கள். சத்தம் வந்தால் எவ்வளவு வேகத்தில் குறையும், போனால் எவ்வளவு நேரத்தில் திரும்பும், அதை மறுபடி மறுபடி மாற்றித் தருவீர்களா என்று கேளுங்கள். கேள்வியே புரியாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

நேற்று சாயங்காலம் நல்ல மழை. பின்கட்டில் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார், மகள் வாசலிலிருந்து கதவு மறைவாக, சாதாரணக் குரலில், "தாத்தா, அத்தை வந்திருக்காங்க" என்றாள். அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "உள்ள வரச் சொல்லு, நனையப் போறா" என்றார். சுங்கைப்பட்டாணி தைப்பூசத்துக்கு முன்னால் இன்னொரு தடவை போகிறோம், பாட்டு அமைப்பைக் கொஞ்சம் சரிபார்க்க வேண்டும். நோட்டில் பாதிப் பக்கம் இன்னும் மிச்சம் இருக்கிறது.